காட்டியதைப் பார்க்காதவர்

அன்று நடந்தவை, வரிசைப்படி:

1. மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன், ஒரு திங்கட்கிழமை காலையில், செங்கல்பட்டிலிருந்து இரண்டு ஜீப்புகளும் ஒரு வேனும் கடற்கரைப் பக்கம் புறப்பட்டன. உள்ளே இருந்தவர்கள் புதிதாகப் பதவி உயர்வு பெற்ற டி.எஸ்.பி.க்களும் இன்ஸ்பெக்டர்களும். போலீஸ் நிலையங்களை எப்படித் தணிக்கை செய்வது என்று அவர்களுக்குப் பயிற்சி.

2. பயிற்சி கொடுப்பவர் முதல் ஜீப்பில் இருந்தார். வயர்லெஸ் கருவிகளைச் சோதிக்க வந்த நான், கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேனில் இருந்தேன்.

3. முதல் நிலையத்தில் வயர்லெஸ் நன்றாகப் பேசியது.

4. இரண்டாவது நிலையத்திலும் நன்றாகப் பேசியது. பேட்டரியின் மூடியில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

5. சவுக்குத் தோப்பில் மதியச் சாப்பாடு. யாருக்கும் அவசரமில்லை.

6. மூன்றாவது நிலையத்திலும் வயர்லெஸ் நன்றாகப் பேசியது. பேட்டரி முழுக்க மீன் வாசனை.

7. பயிற்சிக்கு வந்த அதிகாரிகள் மூன்று நிலையங்களுக்கும் ‘திருப்திகரம்’ என்று எழுதினார்கள்.

8. பயிற்சி கொடுப்பவர் ஒரு நாற்காலியை இழுத்து அந்தப் பேட்டரியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். இளநீர் கேட்டார்.

9. பிறகு எழுந்திருக்க மறுத்துவிட்டார்.

ஒன்பதாவது ஏன் மற்ற எட்டையும்விட முக்கியம் என்று சொல்ல வேண்டுமானால் அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். டி.எஸ்.பி.க்களுக்கு மேலே, எஸ்.பி.க்குக் கீழே இருந்த ஓர் அதிகாரி என்றால் போதும். குள்ளமானவர். தொப்பி தலையில் இருந்த நேரத்தைவிட அக்குளில் இருந்த நேரம் அதிகம். அவரை நான் அறிந்தது ஒரு வருடத்துக்கும் குறைவு. அதற்குப் பின் ஐந்தாறு வருடங்கள் ஓடிவிட்டன.

நான் ரேடியோ தொழில்நுட்பத்தில் டிப்ளமா முடித்து, செங்கல்பட்டில் இருந்த வயர்லெஸ் பட்டறையில் சேர்ந்த புதிதில் அவர் அங்கே தணிக்கைக்கு வந்தார். எங்கள் மேலாளர் பழுது பார்த்த கருவிகளை எல்லாம் ஒரு நீள மேஜையில் பச்சைத் துணி விரித்து அடுக்கி வைத்திருந்தார். பொத்தான்களுக்குக்கூட எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தோம். அவர் உள்ளே வந்தார். மேலாளர் கையை நீட்டி மேஜையைக் காட்டினார். அவ்வளவுதான், அவர் மேஜைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். எதிர்ச் சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். என் ஸ்டூலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, மழை பெய்தால் நான் ஸ்டூலை எந்தப் பக்கம் நகர்த்துவேன் என்பது. ஜன்னல் பக்கம் என்றேன். ஜன்னலுக்கு எதிர்மூலையில் கூரை ஒழுகுகிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பச்சைத் துணிமேல் இருந்த எதையும் அவர் பார்க்கவில்லை. மேலாளருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அவருடைய சுபாவம் முழுவதும் இதுதான். எதைக் காட்டுகிறார்களோ அதைப் பார்க்க மாட்டார். அது கொள்கையா வியாதியா என்று அவருடைய ஜீப் டிரைவருக்கே சந்தேகம். “ஒருத்தன் வலது கையால எதையாவது காட்னா, அவன் இடது கை இன்னா பண்ணிக்கினு கீதுன்னு பாருங்க” என்று வகுப்பில் சொல்வார். சொல்லும்போது தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருப்பார். பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கையில் ஒன்றும் இருக்காது. அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

ரயில் நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில் அவர் காலை இட்லி சாப்பிடுவார். முதல் நாள் போனபோதே முன்பக்கம் உட்காராமல் நேரே பின்கட்டுக்குப் போய், மாவு அரைக்கும் இடத்தையும் பாத்திரம் கழுவும் தொட்டியையும் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தாராம். தினமும் அதே வழக்கம் ஆனது. ஓட்டல்காரர் சுதாரித்துக்கொண்டார். சில மாதங்களில் அந்தப் பின்கட்டு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. தொட்டிக்குச் சுண்ணாம்பு, தரைக்குச் சிமெண்டு, கதவுக்கு நீலப் பெயிண்டு. முன்பக்க மேஜைகளில்தான் கை வைத்தால் ஒட்டிக்கொண்டது. அங்கே யாரும் பார்க்கவில்லை அல்லவா. நான் இதை அவரிடம் ஒரு முறை சொன்னேன். அவர் தன் உள்ளங்கையை விரித்து மோந்து பார்த்துவிட்டு, “சாம்பார்” என்றார்.

மகாபலிபுரத்தில் நடந்ததை அவருடைய டிரைவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெளியூரிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவருக்குச் சிற்பங்களைக் காட்ட வழிகாட்டி ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார். பெரிய பாறையில் யானைகளைக் காட்டி வழிகாட்டி பேசிக்கொண்டிருக்க, கூட்டம் முழுவதும் யானையைப் பார்த்துக்கொண்டிருக்க, நம்மவர் மட்டும் யானைக்கு முதுகு காட்டி, யானையைப் பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரி ஒருத்தியின் தோள் பைக்குள் ஒரு கை போவதை அந்தக் கூட்டத்தில் பார்த்தவர் அவர் மட்டும்தான். கையைப் பிடித்தார். கைக்குச் சொந்தக்காரனிடம், “யானைய பாத்துட்டியா? நானும் பாக்கல. வா, டீ குடிக்கலாம்” என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, நிலையத்துக்கு அனுப்பினார்.

வீட்டிலும் இப்படித்தான். பட்டறையிலிருந்து நான் ஒரு ரேடியோவைப் பழுது பார்க்க அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி காபி கொடுத்துக்கொண்டே சொன்னார். மூத்த பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்திருந்தார்களாம். சொத்து, வேலை, மாப்பிள்ளையின் தங்க மெடல் எல்லாவற்றையும் அவர்கள் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது இவரைக் காணவில்லை. தேடிப் போனால் வாசலில் அவர்களுடைய கார் டிரைவரோடு நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து அந்த டிரைவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே வந்தார். சம்பந்தம் அத்தோடு சரி. “பொண்ணப் பாக்க வந்தாங்க அவங்க. இவரு டிரைவரப் பாத்துட்டு வேணாம்னுட்டாரும்மா” என்றார் அந்த அம்மாள். குறையாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. காபியில் சர்க்கரை அதிகம்.

இப்படிப்பட்டவரைத்தான் தணிக்கைப் பயிற்சிக்குப் போட்டார்கள். கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் வகுப்பு. வயர்லெஸ் பற்றி ஒரு மணி நேரம் சொல்வதற்கு என்னை அழைத்திருந்தார்கள். முதல் நாள் நான் என் முறைக்காகக் கடைசி பெஞ்சில் காத்திருந்தபோது அவர் பாடத்தை ஆரம்பித்தார். புத்தகம் எதுவும் இல்லை. நீங்கள் எல்லாரும் நிலையத்தில் இருந்து வந்தவர்கள்தானே, தணிக்கைக்கு வந்த மேலதிகாரியை எப்படி ஏமாற்றினீர்கள், ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்றார்.

அவரே தொடங்கினார். தான் எஸ்.ஐ.யாக இருந்தபோது லாக்கப் கதவின் பூட்டு பூட்டாதாம். தணிக்கை நாளில் ஒரு கனத்த கான்ஸ்டபிளை அந்தக் கதவில் சாய்ந்து விறைப்பாக நிற்கச் சொல்லிவிட்டாராம். மேலதிகாரி அந்தக் கான்ஸ்டபிளின் விறைப்பைப் பாராட்டிப் பரிசு கொடுத்துவிட்டுப் போனார். வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரிதான். நான் குறித்துக்கொண்டவற்றில் சில: பள்ளிக்கூடத் தலைமையாசிரியரிடம் இரவல் வாங்கிய பூந்தொட்டிகள். மேலதிகாரியின் கண் உயரம் வரைக்கும் மட்டும் அடித்த சுண்ணாம்பு. புகார் கொடுக்கக்கூடிய ஆட்களைச் சினிமாவுக்கு அனுப்பியது. ஓட்டை வாளியில் மணலைக் கொட்டித் தீயணைப்பு வாளி என்று சிவப்பில் எழுதியது. இந்தக் கடைசியைச் சொன்னவர் கண்ணாடி போட்ட ஒரு டி.எஸ்.பி. கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். சொன்ன பிறகு தன் கைக்குட்டையால் கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார்.

“நல்லது. இத்தனையும் இனிமே உங்களுக்குச் செய்வாங்க. அதைக் கண்டுபிடிக்கிறதுதான் கோர்ஸ்” என்றார் அவர்.

இனி அந்தத் திங்கட்கிழமை.

முதல் நிலையத்தில் பேட்டரியின் மூடியில் ஒரு மூலை உடைந்திருந்ததைப் பார்த்தேன். இரண்டாவது நிலையத்தில் இருந்த பேட்டரியிலும் அதே மூலை அதே மாதிரி உடைந்திருந்தது. கூடுதலாக ஒரு செதில். அதிகாரிகள் யாரும் குனிந்து பார்க்கவில்லை. அவர்கள் கருவியின் பளபளப்பைப் பார்த்தார்கள். செங்கல்பட்டுக் கட்டுப்பாட்டு அறையை அழைத்தார்கள். பதில் வந்ததும் தலையாட்டினார்கள். நான் பேட்டரி அமிலத்தை அளக்கும் ஹைட்ரோமீட்டரைக் கழுவும் சாக்கில் அவர் பக்கம் போய், இரண்டும் ஒரே பேட்டரி என்று மெதுவாகச் சொன்னேன்.

“தெரியும். வாயத் தொறக்காதம்மா. புள்ளைங்க கண்டுபிடிக்கட்டும்” என்றார். பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது.

எப்படித் தெரியும் என்றேன். வரும் வழியில் எல்லாரும் இடது பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்களாம். இவர் வலது பக்கம் பார்த்தாராம். ஒரு பஸ் எங்களைத் தாண்டியது. மீன்காரப் பெண் ஒருத்தி அதில் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீன் கூடை அப்படிப் பஸ்ஸைக் கீழே அழுத்தாது என்றார். பஸ்ஸின் அந்த மூலை இறங்கியிருந்ததா என்பதை நான் அறியேன். அவர் சொன்னார்.

மூன்றாவது நிலையத்துக்கு நாங்கள் போனபோது பேட்டரி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. அங்கே பொறுப்பில் இருந்த ஏட்டு ஏகாம்பரம், நெடிய ஆள், எங்களைப் பார்த்து சல்யூட் அடித்தார். அவருடைய பெயர் அந்த வருடம் எஸ்.ஐ. பதவி உயர்வுப் பட்டியலில் இருந்தது. அவர் மேல் ஒரு குறிப்பாணை விழுந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். இது அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு நன்றாகவே தெரியும் என்பது அவருடைய மூக்கு நுனியில் நின்ற வியர்வையிலிருந்து தெரிந்தது.

அங்கேதான் நம்மவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். இளநீர் வந்தது. குடித்துக்கொண்டே உத்தரவு போட்டார். ஒரு ஜீப் முதல் நிலையத்துக்குத் திரும்பிப் போகட்டும். இன்னொரு ஜீப் இரண்டாவது நிலையத்துக்குப் போகட்டும். கண்ணாடிக்கார டி.எஸ்.பி. மட்டும் இங்கேயே இருக்கட்டும். ஐந்து மணிக்கு மூன்று நிலையங்களும் ஒன்றோடொன்று வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்ள வேண்டும்.

ஜீப்புகள் போயின. கொஞ்ச நேரத்தில் அந்த மீன்காரப் பெண் நிலையத்து வாசலுக்கு வந்து நின்றாள். கன்னியம்மா என்று பெயர். பக்கத்துக் குப்பத்துக்காரி. கையில் காலிக் கூடை, அதன்மேல் ஈரச் சாக்கு. பேட்டரி முதல் நிலையத்துக்குத் திரும்பிப் போக வேண்டிய நேரம். ஆனால் பேட்டரியோடு ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

மீன் இருக்கிறதா என்று கேட்டார் அவர். தீர்ந்துவிட்டது என்றாள் கன்னியம்மா.

“அப்ப காலிக் கூடைய ஏம்மா தூக்கிக்கினு நிக்கற?”

“என் கூடை, நான் நிக்கறேன்” என்றாள்.

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்து மணி ஆனது. எங்கள் கருவி செங்கல்பட்டோடு பேசியது. முதல் நிலையம் பேசவில்லை. இரண்டாவது நிலையமும் பேசவில்லை. கண்ணாடிக்காரர் இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றி அழைத்துக்கொண்டே இருந்தார். வெறும் இரைச்சல். நான் என் வேலையைச் செய்தேன்: மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த அந்த நிலையத்தின் சொந்தப் பேட்டரியைத் திறந்து அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தேன். ஹைட்ரோமீட்டரின் மிதவை அடியிலேயே கிடந்தது. தகடுகள் வெளுத்துப் போயிருந்தன. அது பேட்டரி அல்ல, கறுப்புப் பெட்டி என்று சொன்னேன்.

கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. விளங்கியதும் கோபம் வந்தது. தான் ‘திருப்திகரம்’ என்று எழுதிய தாளையே அவர் பார்த்தார். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

“சார், இது டிபார்ட்மென்ட்டையே ஏமாத்தின குற்றம். இவரை இன்னைக்கே சஸ்பெண்ட் பண்ணச் சொல்லி எழுதறேன்.”

பதில் வாசலில் நின்ற கன்னியம்மாவிடமிருந்து வந்தது.

“இன்னா சார் நீ, அந்தாளு மேலயே பாயுற? அவுரு கையில பேட்டரி இருந்தா என் கூடையில ஏன் ஏத்தறாரு? மீனு சொமக்குற தலையில இரும்பு சொமக்கணும்னு எனுக்கு இன்னா வேண்டுதலா?”

கண்ணாடிக்காரர் அவளை வெளியே போகச் சொன்னார். அவள் உள்ளே வந்தாள்.

“மூணு குப்பத்துலயும் எங்க ஜனம்தான் சார். பொயலு சேதி இந்தப் பொட்டியிலதான் வரும். வந்தா ஏட்டு ஓடியாந்து சொல்வாரு, நாங்க கட்டுமரத்த கரையில ஏத்திடுவோம். போன மழைக்கு வடக்கால குப்பத்துக்கு சேதி போவல. பேட்டரி இங்க இருந்துச்சு. என் தம்பி கடல் மேல பூட்டான். ரெண்டு நாளு கரையில குந்திக்கினு கெடந்தோம். செய்யூர் பக்கம் போய் ஒதுங்கனான், எதோ எங்க நல்ல நேரம். இந்த மழைக்கும் ஒரே பேட்டரிதானா? அத்த சொல்லு மொதல்ல. அப்பால அவர இன்னா வேணா பண்ணு.”

அதுவரை நாற்காலியில் இளநீர்க் காயை மடியில் வைத்துக்கொண்டு ரசித்துக்கொண்டிருந்தவர் காயைக் கீழே வைத்தார். புதுப் பேட்டரி கேட்டு ஏன் எழுதவில்லை என்று ஏகாம்பரத்தைக் கேட்டார். மூன்று நிலையங்களும் எழுதியதாகவும், மூன்றும் திரும்பி வந்துவிட்டதாகவும் ஏகாம்பரம் சொன்னார். போன வருடத் தணிக்கையில் வயர்லெஸ் நல்ல நிலையில் இருப்பதாக எழுதியிருக்கிறது. நல்ல நிலையில் இருப்பதற்கு எதற்குப் புதிது என்று கேட்டார்களாம்.

“எவன்யா அப்படி எழுதனவன்?”

ஏகாம்பரம் கன்னியம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் பூட்ஸைப் பார்த்தார்.

“ஐயாதாங்க.”

எத்தனையோ நிலையங்களுக்கு எழுதியதில் அந்த வரியை அவர் மறந்திருந்தார். வகுப்பில் இருபது கேள்வி கேட்கிறவர் இப்போது ஒன்றுதான் கேட்டார். “நான் அதைப் பாத்தனா?” என்றார்.

“இல்லீங்க ஐயா. நீங்க பாக்க மாட்டீங்கன்னுதான் முன்னாடி வச்சோம்.”

ஏகாம்பரம் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். போன வருடம் இவர் தணிக்கைக்கு வருகிறார் என்று தெரிந்ததும் மூன்று நிலையத்து ஏட்டுகளும் கூடிப் பேசினார்கள். ஒன்றைத் தவிர பேட்டரிகள் செத்துவிட்டன என்று தெரிந்தால் பராமரிக்கவில்லை என்று பழி தங்கள் தலையில் விழும். எப்படி மறைப்பது? எங்கே மறைத்தாலும் இவர் அங்கேதான் போவார். காட்டினால் மட்டும்தான் பார்க்க மாட்டார். அதனால் வயர்லெஸ்ஸை வாசலுக்கு நேரே ஒரு மேஜையில் வைத்து, துடைத்து, மாலையும் போட்டுவிட்டார்கள். பின்னால் விறகு அறையில் ஓர் உடைந்த அரிக்கன் லாந்தரைச் சாக்கில் சுற்றி, சாக்கின் ஒரு முனை வெளியே தெரியும்படி ஒளித்து வைத்தார்கள்.

“ஐயா நேரா அங்க போனீங்க. லாந்தரக் கண்டுபிடிச்சீங்க. ரொம்ப சந்தோசமா இருந்தீங்க.”

அந்த லாந்தரைப் பற்றி எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு வகுப்பிலும் அவர் சொல்கிற கதை அது. சாக்கின் முனை எப்படிக் கண்ணில் பட்டது என்பதைக் கையால் நடித்துக் காட்டுவார். மற்ற இரண்டு நிலையங்களிலும் எதை ஒளித்து வைத்தார்கள் என்று நான் பிறகு விசாரித்தேன். ஒன்றில் ஓட்டைக் குடை. இன்னொன்றில் காலொடிந்த ஸ்டூல். இரண்டையும் அவர் கண்டுபிடித்திருக்கிறார். இந்த முறை கூட வந்தவர்கள் காட்டியதைப் பார்க்கிறவர்கள் என்பதால்தான் பேட்டரி கூடையில் ஓட வேண்டியிருந்தது.

“இன்னா மாலை போட்டீங்க?” என்று கேட்டார்.

“சாமந்திங்க ஐயா.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு நாற்காலி. கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணாடிக்காரர் எப்படி நிற்பதென்று தெரியாமல் அட்டென்ஷனில் நின்றார். ஏகாம்பரமும் நின்றார். கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை. “சிரிச்சது போதும். பேட்டரி வருமா வராதா?” என்றாள்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். வரும் என்று சொல்லவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

மறுநாள் வகுப்பில் அவர் மேடைக்குப் போகவில்லை. முதல் பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்து தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். இன்றைய பாடம், தணிக்கை செய்தவனைத் தணிக்கை செய்வது. நீங்கள் தணிக்கை அதிகாரி, நான் மாட்டிக்கொண்டவன், கேளுங்கள் என்றார். மேலதிகாரி மேல் எழுதினால் என்ன ஆகும் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்த பாடம். ஒருவர் எழுந்து, இது வெறும் பயிற்சிதானே, தாளை எங்கேயும் அனுப்பப் போவதில்லையே என்று கேட்டார். அனுப்பத்தான் போகிறேன், எழுதாதவர்கள் தேறமாட்டார்கள் என்றார் இவர்.

கடைசியில் கண்ணாடிக்காரர்தான் எழுந்தார். மணல் வாளி நினைவுக்கு வந்ததோ என்னவோ.

“வயர்லெஸ் வேலை செய்கிறதா என்று சோதித்தீர்களா?”

“இல்லீங்க ஐயா.” கையைக் கட்டிக்கொண்டு, ஏட்டு மாதிரியே சொன்னார்.

“ஏன்?”

“மாலை போட்டிருந்தாங்க ஐயா. மாலை போட்ட எடத்துல ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேன்.”

“அப்படி நினைக்க என்ன ஆதாரம்?”

“என் மேல எனக்கு இருந்த கொழுப்புதாங்க ஐயா.”

வகுப்பு சிரித்தது. கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். சோதிக்காமல் நல்ல நிலை என்று எழுதியதால் என்ன விளைந்தது என்று கேட்டார். மூன்று விண்ணப்பங்கள் திரும்பியதையும், வடக்குக் குப்பத்துக்குச் செய்தி போகாததையும், ஒரு கட்டுமரம் செய்யூர்ப் பக்கம் ஒதுங்கியதையும் இவர் ஒப்பித்தார். அதைச் சொல்லும்போது ஏட்டு மாதிரி பேசவில்லை. தன் குரலில் பேசினார். ஏட்டு ஏமாற்றினார் என்பதை மறுக்கிறீர்களா என்று அடுத்த கேள்வி வந்தது.

“மறுக்கல. எழுதுங்க. ஆனா வரிசை முக்கியம். மொதல்ல பேட்டரிய பாக்காதவன். ரெண்டாவது, பேட்டரி கேட்டவங்களுக்கு இல்லன்னு சொன்னவங்க. மூணாவதா அவரு. தலைகீழா எழுதினீங்கன்னா மூணாவதோட நிறுத்திடுவாங்க.”

அறிக்கையை எழுதி முடிக்க மதியம் ஆனது. அவர் அதை வாங்கிப் படித்தார். இரண்டு இடங்களில் தனக்குச் சாதகமாக மழுப்பி எழுதியிருந்ததை அடித்துத் திருத்தினார். அவர்கள் விட்டுவிட்ட ஒரு தவறையும் சேர்த்தார்: லாந்தரைக் கண்டுபிடித்ததை ஒரு வருடம் வகுப்பில் பெருமையாகச் சொன்னது. அது தணிக்கைக் குற்றமா என்று கண்ணாடிக்காரர் கேட்டார். இல்லாவிட்டால் என்ன, எழுதுங்கள் என்றார். என்னிடமிருந்து பேட்டரிகளைப் பற்றிய தொழில்நுட்ப அறிக்கையை வாங்கி அதோடு இணைத்தார். தன் கையெழுத்தைப் போட்டு, தன் கையாலேயே உறையில் போட்டு, மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினார்.

உறை போன பிறகு அவர் பட்டறைக்கு வந்தார். கருவிகளை நீள மேஜையில் துடைத்து அடுக்கியிருந்தோம். அவர் மேஜையின் முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பொத்தானைத் திருப்பிக் கேட்டார். எங்கள் மேலாளர் பயந்துபோய் என் பின்னால் நின்றுகொண்டார். கடைசிக் கருவி வரைக்கும் கேட்டுவிட்டு, “எல்லாம் பேசுதும்மா” என்றார், ஏதோ ஏமாந்தவர் மாதிரி. அதுதான் நான் அவரைப் பார்த்த கடைசித் தடவை.

இப்போதைய நிலைமை இது. அந்த அறிக்கைக்குப் பிறகு அவரிடம் விளக்கம் கேட்டார்கள்; ஒப்புக்கொண்டு ஒரே வரியில் பதில் எழுதினார்; தெற்கே ஒரு மாவட்டத்தில் ஸ்டோர் பொறுப்புக்கு மாற்றினார்கள்; அங்கேயே ஓய்வு பெற்றார். ஏகாம்பரத்துக்கு எச்சரிக்கை வந்தது. பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போய், பிறகு கிடைத்தது. பயிற்சி வகுப்பைக் கண்ணாடிக்காரர் நடத்துகிறார். அவர் காட்டுவதையும் பார்க்கிறார், மறைப்பதையும் பார்க்கிறார். அதனால் இரண்டு மடங்கு நேரம் ஆகிறது, நிலையங்களில் யாருக்கும் அவரைப் பிடிக்கவில்லை. பேட்டரிகள் மூன்றும் வந்தன. இரண்டு பேட்டரிகள் அந்த மழைக்காலத்துக்கு முன்னால், ஒன்று முதல் மழைக்குப் பின்னால். போன ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்தபோது மூன்று குப்பங்களிலும் கட்டுமரங்கள் கரையில் இருந்தன.